நாற்பது உருப்படிப் பெட்டி வேண்டாம், நாலு அளவு போதும்



நம் இதழில் வரியைப் பற்றியும் உரிமத்தைப் பற்றியும் எழுதத் தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்திருப்பது மரையைப் பற்றி. போல்ட்டிலும் நட்டிலும் இருக்கிறதே, அந்த மரைதான். "இவருக்கு மரை கழன்றுவிட்டதா?" என்று சிரிக்க வேண்டாம். மரை கழன்றதால் நம் கடைகளில் வீணாகும் நேரத்தையும் பணத்தையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் விற்பவன் பக்கமும் எனக்குத் தெரியும், வாங்குபவர் பக்கமும் தெரியும்.

ஒரு மளிகைக் கடையைச் சுற்றிப் பாருங்கள். சரக்கு அடுக்கும் ரேக்கு போல்ட்டில் நிற்கிறது. ஷட்டரின் பக்கச் சட்டம், மாவு மெஷின், கிரைண்டர், சாமான் தள்ளும் கைவண்டி, பெயர்ப் பலகையின் சட்டம், பில் போடும் மேசை எல்லாவற்றையும் மரைதான் பிடித்து வைத்திருக்கிறது. இவற்றில் ஒன்று கழன்று மரை தேய்ந்துவிட்டால் என்ன செய்கிறோம்? கம்பியைச் சுற்றிக் கட்டுகிறோம். அல்லது பொருத்தமில்லாத ஒரு போல்ட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறோம். அதுவும் முடியாவிட்டால் லேத்து பட்டறைக்கு ஆள் அனுப்புகிறோம். பத்து நிமிட வேலைக்கு ஒரு பையன் அரை நாள் காத்து நிற்கிறான். ரேக்கையும் ஷட்டரையும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் பல வேலைகள் நடக்காமலே கிடக்கின்றன.

நம்மில் பலர் வீட்டுக்குப் பின்னாலோ குடோன் மூலையிலோ ஒரு வைஸ், ஒரு டிரில் மெஷின், இரண்டு அரம் என்று சிறு பட்டறை வைத்திருக்கிறோம். அதோடு மரை வெட்டும் கைக்கருவிகள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டால் மேற்சொன்ன வேலைகளில் பெரும்பகுதியை நாமே முடித்துவிடலாம். துளைக்குள் மரை வெட்டுவது டேப். கம்பியின் மேல் மரை வெட்டுவது டை. எதை வாங்குவது, எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

மலிந்த சரக்கு

"மலிந்த சரக்கு கடைத்தெருவுக்கு வரும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று அது கடைத்தெருவுக்கு மட்டுமல்ல, இணையதளம் வழியாக வீட்டு வாசலுக்கே வருகிறது. பளபளப்பான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நாற்பது உருப்படி, விலையும் குறைவு. பார்த்தவுடன் வாங்கத் தோன்றும்.

பெட்டியைத் திறந்து நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு அளவிலும் ஒரே ஒரு டேப்தான் இருக்கும். பொடி மரையில் நமக்கு வாழ்நாளில் தேவைப்படாத அளவுகள் பாதி இருக்கும். எந்த எஃகில் செய்தது என்று பல பெட்டிகளில் எழுதியே இருக்காது. மட்டமான எஃகாக இருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பதம் குறைவாக இருந்தால் இரண்டு துளையிலேயே முனை மழுங்கிவிடும். பதம் அதிகமாக இருந்தால் துளைக்குள்ளேயே ஒடிந்துவிடும்.

ஒடிந்தால் போவது டேப்பின் விலை மட்டும் அல்ல. டேப் மிகக் கடினமான பொருள் என்பதால் சாதாரண டிரில் பிட் அதைத் துளைக்காது. உடைந்த துண்டை எடுக்கத் தனிக் கருவி வேண்டும், அல்லது மின்பொறியால் அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் பட்டறைக்குப் போக வேண்டும். மெஷினின் முக்கிய பாகத்தில் ஒடிந்தால் அந்தப் பாகமே வீண். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மாவு மெஷினையே ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் அது என்ன கணக்கு?

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண கார்பன் எஃகு டேப்பெல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன். கையால் மெதுவாகத் திருகும்போது சூடு அதிகம் ஏறாது. ஆகவே பித்தளை, அலுமினியம் போன்றவற்றுக்கும், பெயிண்டும் துருவும் அடைத்த பழைய மரையைச் சுத்தம் செய்வதற்கும் நல்ல முறையில் பதமிட்ட கார்பன் எஃகு போதும். இரும்பில் புது மரை வெட்டுவதென்றால் எச்.எஸ்.எஸ். என்று பொறித்த டேப் வாங்குங்கள். நாற்பது உருப்படிக்குக் கொடுக்கும் காசை நாலு அளவுக்குக் கொடுங்கள்.

எந்த நாலு அளவு?

கடைக்காரருக்கும் வீட்டுக்கும் எம் 5, எம் 6, எம் 8, எம் 10 ஆகிய நான்கும் பெரும்பாலான வேலையை முடித்துக் கொடுக்கும். "எம்" என்பது மெட்ரிக். பின்னால் வரும் எண் போல்ட்டின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில்.

டேப் வாங்கும்போதே அதற்குரிய டிரில் பிட்டையும் வாங்கி அதே உறையில் போட்டு வையுங்கள். டேப் போடுவதற்கு முன் போடும் துளை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வெளிவிட்டத்திலிருந்து ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளியைக் கழிக்க வேண்டும். அந்த இடைவெளிக்குப் பிட்ச் என்று பெயர். சாதாரண மரையில் எம் 5-க்குப் பிட்ச் 0.8, துளை 4.2 மில்லிமீட்டர். எம் 6-க்குப் பிட்ச் 1, துளை 5. எம் 8-க்குப் பிட்ச் 1.25, துளை 6.8. எம் 10-க்குப் பிட்ச் 1.5, துளை 8.5. இந்த நான்கு வரியை ஓர் அட்டையில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். டேப் ஒடிவதற்கு முதல் காரணம் துளை சிறிதாக இருப்பதுதான்.

அடுத்து, கையால் பயன்படுத்தும் டேப்பை மூன்று உருப்படி கொண்ட செட்டாக வாங்குங்கள். முதல் டேப்பின் முனை நன்றாகச் சரிந்திருக்கும், துளைக்குள் நேராக இறங்கும். இரண்டாவதில் சரிவு குறைவு. மூன்றாவது கிட்டத்தட்ட மொட்டையாக இருக்கும். அடிப்பக்கம் மூடிய துளையில் கடைசிப் புரி வரை வெட்ட அதுதான் உதவும். சில செட்டுகளில் மூன்றும் ஒரே பருமன், முனைச் சரிவு மட்டும் மாறும். வேறு சில செட்டுகளில் முதல் இரண்டும் சற்று மெலிந்தவை, மூன்றாவதுதான் முழு அளவு. இந்த வகையில் முதல் டேப்பின் தண்டில் ஒரு வளையக் கோடும், இரண்டாவதில் இரண்டு கோடும் இருக்கும், மூன்றாவதில் கோடு இருக்காது. அப்படிப்பட்ட செட்டில் முதல் டேப்போடு நிறுத்திக்கொண்டு "போல்ட்டு ஏறவில்லையே" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு வருவது நியாயமில்லை.

டேப்பைப் பிடிக்கும் கைப்பிடியிலும் கஞ்சத்தனம் வேண்டாம். எம் 5-க்கு நீளமான பெரிய கைப்பிடி போட்டால் கை பலம் முழுவதும் அதில் இறங்கி டேப்பை முறித்துவிடும். சிறிய டேப்புக்குச் சிறிய பிடி, பெரிய டேப்புக்குப் பெரிய பிடி என்று இரண்டு வேண்டும்.

நூல் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும்

சேரும் வீசையும் போய்க் கிலோ வந்த கதை நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எடைகளில் மெட்ரிக் முறை 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தராசில் அது முழுமையாக நிலைபெற்றுவிட்டது. இரும்புக் கடையில் மட்டும் இன்றும் இரண்டு கணக்கும் ஓடுகின்றன. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். "ரெண்டு நூல் போல்ட்டு குடுங்க" என்றால் கால் அங்குலம் என்று பொருள்.

இந்த அங்குல மரைக்கு அடிப்படை போட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் விட்வொர்த். 1841-ல் அவர் சொன்ன ஒழுங்குதான் பி.எஸ்.டபிள்யூ. என்ற பெயரில் நம் பழைய மெஷின்களிலும் கிடக்கிறது. அதற்கு முன்பு ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒருவர் செய்த நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறாது. ஊருக்கு ஒரு படி, ஊருக்கு ஒரு மரக்கால் என்று இருந்ததைப் போலத்தான். விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. இரண்டும் சேராது.

சேராது என்பது பார்வைக்குத் தெரியாது. அங்குதான் ஆபத்து. இரண்டரை நூல், அதாவது 5/16 அங்குல போல்ட்டின் பருமன் 7.94 மில்லிமீட்டர். எம் 8-ன் பருமன் 8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் ஓர் அங்குலத்துக்கு 18 புரி, பிட்ச் 1.41. பின்னதில் பிட்ச் 1.25. ஒன்றை மற்றதன் நட்டில் ஏற்றினால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "நன்றாக இறுகிவிட்டது" என்று மகிழ்ந்து ஸ்பேனரை இன்னும் அழுத்துவோம். உள்ளே மரை நசுங்கிக்கொண்டிருக்கும். அரிசி மூட்டை ஏற்றிய ரேக்கு அந்த நசுங்கிய இரண்டு புரியில் நிற்கிறது என்றால், அடியில் உட்கார்ந்து சாமான் எடுக்கும் பையனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே டேப் வாங்குவதற்கு முன்னால் ஒரு பிட்ச் கேஜ் வாங்குங்கள். விசிறி போல விரியும் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பல் அளவு. மரையின் மேல் வைத்தால் வெளிச்சம் தெரியாமல் பொருந்துவதே அதன் அளவு. அது இல்லாவிட்டால் ஸ்கேலை வைத்துப் பத்துப் புரியின் நீளத்தை அளந்து பாருங்கள். எம் 8 என்றால் பன்னிரண்டரை மில்லிமீட்டர் வரும். 5/16 என்றால் பதினான்குக்குச் சற்று மேல் வரும். கடையில் பழைய அங்குல மெஷின் இருப்பவர்கள் 1/4, 5/16 அங்குல டேப்பையும் தனியாக வாங்கி, தனி டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்குத் துளை முறையே 5.1, 6.5 மில்லிமீட்டர். இரண்டு முறைகளையும் ஒரே டப்பாவில் கலந்து வைப்பது துவரம்பருப்பையும் கேசரிப்பருப்பையும் கலந்து வைப்பதற்குச் சமம்.

பதறாத காரியம் சிதறாது

கருவி நல்லதாக இருந்தும் கை பதறினால் பயனில்லை. துளை போட வேண்டிய இடத்தில் சென்டர் பஞ்சால் ஒரு தட்டு. துளை செங்குத்தாக இருக்கட்டும். துளையின் வாயைச் சற்றுப் பெரிய பிட்டால் லேசாகச் சரித்துவிடுங்கள். டேப்பை வைத்து இரண்டு சுற்று திருகியதும் மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் அப்போதே எடுத்துத் திரும்ப வையுங்கள். ஐந்தாவது சுற்றில் நிமிர்த்தப் பார்த்தால் ஒடியும்.

அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்பதுதான் கை டேப்பின் தாளம். பின்னால் திருப்பும்போது "டக்" என்று ஒரு சிறு அசைவு கைக்குத் தெரியும். சீவல் அறுபட்டுவிட்டது என்று அர்த்தம். இரும்புக்கு எண்ணெய் அவசியம். வெட்டும் எண்ணெய் என்று தனியாக விற்கிறது. அது இல்லாத நேரத்தில் நம் கடையிலிருக்கும் தேங்காய் எண்ணெயும் கைகொடுக்கும், ஆனால் வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளடைவில் பிசுக்காகிவிடும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நல்லது. வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும் எண்ணெய் இல்லாமலே வெட்டலாம். அடிப்பக்கம் மூடிய துளையானால் தேவைக்கு மேல் சில புரி ஆழம் விட்டுத் துளையுங்கள், அடிக்கடி டேப்பை வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், கண்ணில் விழும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

டை போடும்போது கம்பியின் முனையை முதலில் அரத்தால் சுற்றிலும் சரிக்க வேண்டும். கம்பி சொன்ன அளவுக்கு ஒரு நூலிழை மெலிந்திருப்பது நல்லது, எம் 8-க்கு 7.9 மில்லிமீட்டர் போல. பருத்த கம்பி டையின் பல்லைப் பிடுங்கிவிடும். டையில் எழுத்துப் பொறித்த முகம் கம்பியைப் பார்த்து இருக்கட்டும். வெட்டு உள்ள டையாக இருந்தால் கைப்பிடியின் நடு திருகால் சற்று விரித்து முதல் முறை வெட்டி, பிறகு பக்கத்துத் திருகுகளால் சுருக்கி நட்டு ஏறும் அளவுக்குக் கொண்டுவரலாம். ஆறு பட்டையாக நட்டு போலிருக்கும் டை, கெட்டுப்போன பழைய மரையைச் சீர் செய்யத்தான். அதை வைத்துப் புது மரை வெட்ட முயல வேண்டாம்.

எங்கே மரை போடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் எம் 6 போட்டால் கிடைப்பது ஒரே ஒரு புரி. அது எதையும் தாங்காது. அங்கே துளையிட்டுப் பின்னால் நட்டும் வாஷரும் போடுவதுதான் முறை. இரும்பில் போல்ட்டின் பருமன் அளவுக்கேனும் மரை ஆழம் வேண்டும். அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு பங்கு வேண்டும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

தராசு. இதைத் தடித்த எழுத்தில் எழுதச் சொல்லலாம். தராசில் ஒரு திருகு மரை தேய்ந்திருந்தாலும் நம் டேப்பை அங்கே எடுத்துப் போகக் கூடாது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி உரிமம் பெற்றவர்தான் எடைக் கருவியைப் பழுது பார்க்கலாம், பழுது பார்த்தபின் மறுமுத்திரை இட வேண்டும். நாம் நல்லெண்ணத்தில் செய்த பழுதும் முத்திரை கலைந்த தராசாகத்தான் ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அதைவிட மோசமாகத் தெரியும்.

கேஸ் இணைப்புகள், தலைக்கு மேல் தொங்கும் மின்விசிறிக் கொக்கி, மூட்டை தூக்கும் கப்பி ஆகியவற்றிலும் வீட்டுப் பட்டறை வேலை வேண்டாம். கெட்டது புதிதாக மாற்றப்பட வேண்டும், அல்லது அத்தொழிலில் தேர்ந்தவர் கையால் நடக்க வேண்டும்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

என்னைப் போல் ஹார்டுவேர் விற்கும் உறுப்பினர்களுக்கு இனி சொல்கிறேன். இணையத்தில் விற்பவனோடு விலையில் போட்டி போட்டு நாம் ஜெயிக்கப் போவதில்லை. அவனால் முடியாத ஒன்று நம்மால் முடியும். வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்பது.

"எதில் போடப் போகிறீர்கள், இரும்பிலா, அலுமினியத்திலா, தகட்டிலா? துளை மறுபக்கம் திறந்ததா, மூடியதா? பழைய போல்ட்டு கையில் இருக்கிறதா?" இந்த மூன்று கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. "அரை அங்குல டை" கேட்டு வருபவரிடம் போல்ட்டுக்கா, தண்ணீர்க் குழாய்க்கா என்று கட்டாயம் கேளுங்கள். அரை அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 14 புரி. அரை அங்குலப் போல்ட்டின் விட்டம் 12.7 மில்லிமீட்டர்தான். கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் அவர் திரும்பி வருவார், சரக்கும் திரும்பி வரும், பெயரும் கெடும்.

டேப்போடு சரியான டிரில் பிட்டையும் எடுத்து மேசையில் வையுங்கள். அது கூடுதல் வியாபாரம்தான், ஆனால் வாடிக்கையாளரின் வேலை கெடாமல் காக்கும் வியாபாரம். எச்.எஸ்.எஸ். எது, கார்பன் எது என்று தனித்தனியாக வைத்து, விலை வித்தியாசத்துக்குக் காரணத்தையும் சொல்லுங்கள். மலிவானதையே கேட்டால் கொடுங்கள், எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று சொல்லிக் கொடுங்கள். மட்டமான அரிசியைப் பொன்னி என்று விற்காத கடைக்காரருக்கு உள்ள மரியாதை, மட்டமான எஃகை நல்ல எஃகு என்று விற்காத கடைக்காரருக்கும் உண்டு.

"லேத்து பட்டறைக்காரர் பிழைப்பில் மண் போடுகிறீரா?" என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. ஷாஃப்ட்டில் மரை வெட்டவும், பெரிய அளவுகளுக்கும், ஒடிந்த டேப்பை எடுக்கவும் அவரிடம்தான் போக வேண்டும். நம் கையில் முடியும் சில்லறை வேலைக்கு அவரைக் காக்க வைப்பதுதான் அவருக்கும் தொல்லை.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. எம் 12-க்கு மேற்பட்ட டேப்பும், அரை முதல் ஓர் அங்குலம் வரையான குழாய் டை செட்டும் ஒரு தனிக் கடைக்கு ஆண்டில் ஒரு நாள்தான் தேவைப்படும். அதை ஒவ்வொருவரும் வாங்குவது வீண். சங்க அலுவலகத்தில் நல்ல தரத்தில் ஒரு செட் வாங்கி வைத்து, நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறுப்பினர்களுக்குக் கொடுத்து வாங்கலாம். அருகிலுள்ள ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தால், நம் பிள்ளைகளும் கடைப் பையன்களும் இரண்டு மணி நேரத்தில் பழகிக்கொள்வார்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, நாற்பது உருப்படிப் பெட்டிக்கு யாரும் பணம் கட்டிவிட வேண்டாம்.